அட்வைசர், ஜி.பி.ஏ., ப்ரொபேஷன்: அமெரிக்காவில் படிக்கும் தமிழ் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவுக்குப் படிக்கப் போன, போகப்போகிற தமிழ் மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இங்கே இருக்கின்றன. பெரும்பாலும் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் எம்.எஸ். படிப்பவர்களை மனதில் வைத்து எழுதியது. இளநிலை மாணவர்களுக்கு மாறும் இடங்களைத் தனியாகச் சொல்லியிருக்கிறேன். மதிப்பெண் விதிகளை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தானே வகுத்துக்கொள்கிறது. அதனால் இங்கே வரும் ஜி.பி.ஏ. (மதிப்பெண் சராசரி) எண்களை உங்கள் பல்கலைக்கழகத்தின் கேட்டலாகோடு, அதாவது பாடங்களும் விதிகளும் அடங்கிய கையேட்டோடு, ஒப்பிட்டுப் பாருங்கள். விசா விதிகள் நாடு முழுவதற்கும் ஒன்றுதான், ஆனால் அவையும் மாறக்கூடியவை.

தொடங்குவதற்கு முன் ஒன்று. சிக்கலில் மாட்டிக்கொண்ட மாணவர்களில் பலருக்குப் படிப்பு நன்றாகவே வரும். யாரிடமும் வாய் திறக்காமல், கடைசித் தேதிகளை ஒவ்வொன்றாகத் தாண்டவிட்டதால்தான் அவர்கள் மாட்டிக்கொண்டார்கள். கீழே உள்ள பதில்கள் சுற்றிச் சுற்றி அந்த இடத்துக்கே வரும்.

அட்வைசர் என்பவர் யார்? நம் ஊர்க் கல்லூரியில் இருந்த கிளாஸ் இன்சார்ஜ் மாதிரியா?

இல்லை. நம் ஊரில் செமஸ்டருக்கு எந்தப் பாடம் என்பதைப் பெரும்பாலும் பல்கலைக்கழகமே முடிவு செய்துவிடும். மூன்றாம் செமஸ்டர் என்றால் இந்தப் பாடங்கள், அவ்வளவுதான். கிளாஸ் இன்சார்ஜ் வருகைப்பதிவு பார்ப்பார், வீட்டுக்குப் போன் போடுவார். அமெரிக்காவில் பாடத்தைத் தேர்ந்தெடுப்பது மாணவருடைய வேலை. 1869-இல் ஹார்வர்டின் தலைவரான சார்ல்ஸ் எலியட், மாணவர்கள் விரும்பிய பாடத்தை எடுக்கலாம் என்ற முறையை அங்கே விரிவாக்கினார். தேர்வு பெருகப் பெருக, எதை எடுப்பது, எதற்குப் பிறகு எதை எடுப்பது என்று சொல்ல ஆள் தேவைப்பட்டது. அட்வைசர் என்ற வேலை வளர்ந்தது அப்படித்தான். இன்று அது முழுநேரத் தொழில்.

அதனால் அட்வைசர் உங்களைக் கண்காணிப்பவர் அல்ல. நீங்கள் கிளாஸுக்குப் போகவில்லை என்றால் அவருக்குத் தெரியாமலேகூட இருக்கலாம். நீங்கள்தான் அவரைத் தேடிப் போக வேண்டும். நம் பிள்ளைகள் பலர் தடுமாறுவது இங்கேதான். “ஏதாவது தப்பு நடந்தால் கூப்பிட்டு அனுப்புவார்கள்” என்று காத்திருக்கிறார்கள். கூப்பிட்டு அனுப்பும்போது பெரும்பாலும் செமஸ்டர் முடிந்திருக்கும்.

எனக்கு மூன்று பேரை அட்வைசர் என்று காட்டுகிறது. யாரிடம் எதைக் கேட்பது?

துறையில் இருக்கும் அகடமிக் அட்வைசரிடம்: டிகிரி முடிக்க எந்தப் பாடங்கள், எத்தனை கிரெடிட் (பாடத்தின் கனத்தைக் காட்டும் அலகு), எதை எப்போது எடுப்பது, டிராப் செய்தால் என்ன ஆகும்.

பேராசிரியராக இருக்கும் ஃபேகல்டி அட்வைசரிடம்: தீசிஸ், ஆராய்ச்சி, எந்தத் துறையில் ஆழமாகப் போவது. கேட்டலாகின் விதிகளை அவரிடம் கேட்டுப் பயனில்லை, பெரும்பாலும் அவருக்கே அது மனப்பாடமாக இருக்காது.

சர்வதேச மாணவர் அலுவலகத்தில் விசா விஷயங்களைக் கவனிக்கும் அதிகாரியான டி.எஸ்.ஓ.விடம்: ஐ-20 (விசாவுக்குப் பல்கலைக்கழகம் தரும் சான்று), செவிஸ் (அரசு வைத்திருக்கும் வெளிநாட்டு மாணவர் பதிவு), விசா நிலை, சி.பி.டி. (படிப்பின் பகுதியாகச் செய்யும் வேலைப் பயிற்சி), ஓ.பி.டி. (படித்த துறையில் வேலை பார்க்கும் அனுமதி). ஒரு பாடத்தை விடுவது படிப்புக்கு நல்லது என்று அகடமிக் அட்வைசர் சொல்லலாம். அது உங்கள் விசா நிலைக்கு நல்லதா என்பது அவர் சொல்ல வேண்டிய விஷயம் அல்ல. அதைச் சொல்ல டி.எஸ்.ஓ. ஒருவரால்தான் முடியும். இரண்டு பேரையும் பார்க்காமல் எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

முதல் சந்திப்புக்கு எப்படிப் போக வேண்டும்? என்ன கேட்பதென்றே தெரியவில்லை.

உங்கள் டிகிரி ஆடிட் அறிக்கையை இறக்கிக்கொள்ளுங்கள். எந்தத் தேவை முடிந்தது, எது பாக்கி என்று அது காட்டும். அடுத்த இரண்டு செமஸ்டருக்கு எந்தப் பாடம் எடுக்கலாம் என்று நீங்களே ஒரு வரைவு எழுதிக்கொண்டு போங்கள். தப்பாக இருந்தால் பரவாயில்லை. வெறுங்கையோடு போனால் பொதுவான பதில்தான் கிடைக்கும். வரைவு இருந்தால் அட்வைசர் அதைத் திருத்தித் தருவார்.

பேசி முடித்ததும் அன்றைக்கே ஒரு சின்ன மின்னஞ்சல் அனுப்புங்கள்: இன்று இதைப் பேசினோம், இப்படிச் செய்யச் சொன்னீர்கள், நான் சரியாகப் புரிந்துகொண்டேனா? பின்னால் ஏதாவது குழப்பம் வந்தால் அந்த மின்னஞ்சல் உங்களைக் காப்பாற்றும். இதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை, அங்கே எல்லாரும் செய்வது இது.

‘குட் ஸ்டாண்டிங்’ என்றால் எவ்வளவு ஜி.பி.ஏ. இருக்க வேண்டும்?

குட் ஸ்டாண்டிங் என்றால் படிப்பைத் தடையில்லாமல் தொடரத் தகுதியான நிலை. அதற்குப் பெரும்பாலான இடங்களில் இளநிலைக்கு 4-க்கு 2.0, முதுநிலைக்கு 3.0. சில இடங்களில் வேறு அளவுகோலே இருக்கும். எம்.ஐ.டி.யில் ஜி.பி.ஏ. 5-க்குக் கணக்கிடப்படுகிறது. அந்தக் கோட்டுக்குக் கீழே போனால் எச்சரிக்கை, ப்ரொபேஷன் (ஜி.பி.ஏ.யை உயர்த்தக் கெடு வைக்கும் நிலை), தற்காலிக நீக்கம், முழு நீக்கம் என்று படிப்படியாகப் போகும். எல்லா இடத்திலும் எல்லாப் படியும் இருக்காது. சில முதுநிலைத் துறைகள் எச்சரிக்கை இல்லாமல் நேராக ப்ரொபேஷனில் ஆரம்பிக்கும்.

நம் ஊர் மனக்கணக்கை இங்கே கொண்டுவரக் கூடாது. ‘சி’ என்றால் பாஸ்தானே என்று எம்.எஸ். மாணவர்கள் நினைக்கிறார்கள். முதுநிலையில் ‘சி’ என்பது 2.0, அதாவது நீங்கள் எட்ட வேண்டிய 3.0-க்கு ஒரு முழுப் புள்ளி கீழே. பல துறைகளில் ‘சி’ வாங்கிய பாடத்தை டிகிரிக் கணக்கிலேயே சேர்க்க மாட்டார்கள்.

ஜி.பி.ஏ.யை எப்படிக் கணக்குப் போடுவது? ஒரு செமஸ்டரில் சரி செய்துவிட முடியுமா?

ஒவ்வொரு பாடத்திலும் வாங்கிய கிரேடு எண்ணை (பி என்றால் 3, சி என்றால் 2) அதன் கிரெடிட்டால் பெருக்கிக் கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுக்க வேண்டும்.

எம்.எஸ். முதல் செமஸ்டர், மூன்று பாடம், ஒவ்வொன்றும் 3 கிரெடிட். பி, பி, சி வாங்கியிருக்கிறீர்கள். 9 + 9 + 6 = 24. அதை 9-ஆல் வகுத்தால் 2.67. ப்ரொபேஷன் மெயில் வந்துவிடும்.

அடுத்த செமஸ்டரும் 9 கிரெடிட் எடுத்தால் மொத்தம் 18. 3.0 வர 54 புள்ளி வேண்டும். கையில் இருப்பது 24, மீதி 30. அதாவது அந்த செமஸ்டரின் சராசரி 3.33 ஆக இருக்க வேண்டும். மூன்று பாடத்திலும் பி பிளஸ் வாங்கிவிட்டால் போதும் என்று தோன்றும். பி பிளஸ் 3.3 என்றால் மொத்தம் 2.98-இல் நிற்கும். கோட்டைத் தொடாது! ஏ மைனஸ் (3.7), பி பிளஸ், பி என்று வாங்கினால் சரியாக 3.0. இந்தக் கணக்கை செமஸ்டர் ஆரம்பத்திலேயே போட்டுவிட வேண்டும். எந்தப் பாடத்தில் ‘ஏ’ வாங்க முடியும் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க அப்போதுதான் வழி இருக்கும்.

இளநிலையில் கிரெடிட் சேரச் சேர ஜி.பி.ஏ. நகர்வது கடினமாகிறது. 30 கிரெடிட்டில் 1.8 இருப்பவர் அடுத்த 15 கிரெடிட்டில் 2.4 வாங்கினால் 2.0-க்கு வந்துவிடுவார். அதே 1.8, 60 கிரெடிட்டில் இருந்தால் அடுத்த 15-இல் 2.8 வேண்டும். தள்ளிப்போட்டால் சுமை கூடும் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஃபெயிலானால் அரியர் எழுதிக்கொள்ளலாமா?

அரியர் என்ற ஏற்பாடே அங்கே கிடையாது. நம் ஊரில் பாடத்தைத் திரும்பப் படிக்காமல் பரீட்சையை மட்டும் மறுபடி எழுதலாம், அதற்கான கட்டணமும் சிறியது. அமெரிக்காவில் ‘எஃப்’ வாங்கினால் அந்தப் பாடத்தை முழுவதுமாக மறுபடி எடுக்க வேண்டும்: வகுப்பு, ஹோம்வொர்க், மிட்டெர்ம், ஃபைனல் எல்லாம், முழுக் கட்டணத்தோடு. மறுபடி எடுத்து ‘ஏ’ வாங்கினாலும் பழைய ‘எஃப்’ டிரான்ஸ்கிரிப்ட்டில் (மதிப்பெண் பட்டியலில்) இருக்கும். புதிய கிரேடு பழையதற்குப் பதிலாக ஜி.பி.ஏ.யில் ஏறுமா, இரண்டும் சேர்ந்து சராசரி ஆகுமா என்பது பல்கலைக்கழகத்தைப் பொறுத்தது. இளநிலைக்குப் பதிலீடு செய்யும் விதி சில இடங்களில் உண்டு, முதுநிலைக்கு அது அரிது.

இன்னொன்று. நம் ஊரில் செமஸ்டர் பரீட்சைக்கு முந்தைய பத்து நாள் உட்கார்ந்து படித்துக் கரையேறியவர்கள் நிறையப் பேர். அங்கே வாராந்தர ஹோம்வொர்க், ப்ராஜெக்ட், மிட்டெர்ம் எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. ஃபைனலுக்கு 30 சதவீதம் என்றால், ஃபைனலில் முழு மதிப்பெண் எடுத்தாலும் மற்ற 70-இல் கோட்டைவிட்டதை மீட்க முடியாது. முதல் நாள் தரும் சிலபஸில் இந்தப் பங்கீடு இருக்கும். அதைப் படியுங்கள்.

ப்ரொபேஷன் மெயில் வந்துவிட்டது. விசா போய்விடுமா?

போகாது. ப்ரொபேஷன் என்பது பல்கலைக்கழகம் உங்களுக்கும் அதற்கும் இடையே வைக்கிற எச்சரிக்கை. முழுச் சுமையோடு பதிவு செய்து படித்துக்கொண்டிருக்கும் வரை எஃப்-1 நிலைக்கு அதனால் மட்டும் பாதிப்பு இல்லை. மெயிலைப் பார்த்ததும் பதறி, செலவழித்த பணத்தை நினைத்து, இரண்டு வாரம் அறையை விட்டு வெளியே வராமல் இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த இரண்டு வாரத்தில்தான் அடுத்த செமஸ்டரின் பாடங்களை மாற்ற முடியும்.

செய்ய வேண்டியவை: மெயிலை முழுக்கப் படியுங்கள். எத்தனை செமஸ்டருக்குள் எவ்வளவு வர வேண்டும் என்று அதில் இருக்கும். அட்வைசரிடம் அந்த வாரமே நேரம் கேளுங்கள். பல இடங்களில் அட்வைசரைப் பார்க்கும் வரை பதிவு செய்ய முடியாதபடி ஒரு ஹோல்ட் போட்டிருப்பார்கள். கடினமான மூன்று பாடங்களை ஒன்றாக எடுத்திருந்தால், எளிதானவற்றோடு கலந்து எடுக்கத் திட்டமிடுங்கள். வாரத்தில் எத்தனை மணி நேரம் வேலை செய்கிறீர்கள் என்று நேர்மையாகக் கணக்குப் பாருங்கள். வகுப்பு நடக்கும் காலத்தில் கேம்பஸ் வேலைக்கு வாரம் 20 மணி நேரம்தான் அனுமதி. அந்த 20 மணி நேரமும் இரவு ஷிஃப்டாக இருந்தால் காலை வகுப்பு என்ன ஆகும்?

ஒரு பாடம் சுத்தமாகப் புரியவில்லை. டிராப் செய்துவிடலாமா?

எந்த வாரத்தில் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. முதல் ஒன்றிரண்டு வாரம் ஆட்-டிராப் காலம். அப்போது விட்டால் டிரான்ஸ்கிரிப்ட்டில் சுவடே இருக்காது, பணமும் பெரும்பாலும் திரும்பும். அதற்குப் பிறகு விட்டால் ‘டபிள்யூ’ (பாடத்தை இடையில் விட்டதற்கான குறி) விழும். அது ஜி.பி.ஏ.யில் சேராது, ஆனால் ஏட்டில் நிற்கும். பணம் வாரத்துக்கு வாரம் குறைவாகத் திரும்பும், ஒரு கட்டத்துக்கு மேல் ஒன்றும் திரும்பாது. டபிள்யூவுக்கும் கடைசித் தேதி உண்டு. அதைத் தாண்டினால் என்ன கிரேடு வருகிறதோ அதுதான்.

ஒரு டபிள்யூவைப் பார்த்து யாரும் உங்களை ஒதுக்கப் போவதில்லை. எஃப்-ஐவிட அது எவ்வளவோ மேல். தயங்காமல் எடுங்கள் என்றே சொல்வேன், ஒரே ஒரு நிபந்தனையோடு: முதலில் டி.எஸ்.ஓ. அனுமதி, அப்புறம்தான் டிராப். எஃப்-1 மாணவர் முழுச் சுமை எடுத்தாக வேண்டும். இளநிலைக்கு செமஸ்டருக்கு 12 கிரெடிட். முதுநிலைக்குப் பல்கலைக்கழகம் வைத்ததுதான் அளவு, பொதுவாக 9. அதில் ஆன்லைன் பாடம் ஒன்றைத்தான், அதாவது 3 கிரெடிட் வரைதான், கணக்கில் சேர்ப்பார்கள். முன் அனுமதி இல்லாமல் இந்த அளவுக்குக் கீழே போனால் நீங்கள் விசா நிலையை மீறியவர் ஆகிவிடுகிறீர்கள். நள்ளிரவு ஒரு மணிக்கு போர்ட்டலில் ஒரு பட்டனை அழுத்தி இதைச் செய்துவிட முடியும் என்பதுதான் பயங்கரம். மென்பொருள் உங்களைத் தடுக்காது.

டி.எஸ்.ஓ. அனுமதி எந்தக் காரணங்களுக்குத் தருவார்?

இதைக் குறைந்த பாடச்சுமை அனுமதி என்று சொல்லலாம். முக்கியமான காரணங்கள் மூன்று.

ஒன்று, படிப்புச் சிரமம்: ஆரம்பத்தில் ஆங்கிலத்திலோ வாசிப்பு அளவிலோ தடுமாற்றம், அமெரிக்கக் கற்பித்தல் முறை பழக்கமில்லாமை, தகுதிக்கு மீறிய வகுப்பில் சேர்ந்துவிட்டது. இதற்குத் தரும் அனுமதி ஒரு டிகிரி நிலைக்கு ஒரே ஒரு முறைதான், அப்போதும் குறைந்தது பாதிச் சுமையாவது எடுக்க வேண்டும். “வேலை தேட நேரம் வேண்டும்”, “ஜி.பி.ஏ. குறைந்துவிடும்” என்பதெல்லாம் இதில் வராது.

இரண்டு, உடல்நலம். மருத்துவர் அல்லது உரிமம் பெற்ற மருத்துவ உளவியலாளர் தரும் கடிதம் வேண்டும். தேவைப்பட்டால் எந்தப் பாடமும் எடுக்காமலேகூட இருக்கலாம். ஒரு டிகிரி நிலையில் எல்லாம் சேர்த்து 12 மாதம் வரை.

மூன்று, கடைசி செமஸ்டர். முடிக்க ஒரே பாடம் பாக்கி என்றால் அதை மட்டும் எடுக்கலாம். இதற்கும் முன்கூட்டியே கேட்க வேண்டும்.

படிக்கவே முடியவில்லை, தூக்கமில்லை, காலையில் எழுந்திருக்க முடியவில்லை. இதையெல்லாம் அட்வைசரிடம் சொல்லலாமா?

சொல்லலாம், சொல்ல வேண்டும். விவரம் எல்லாம் சொல்ல வேண்டியதில்லை. உடல்நிலையோ மனநிலையோ சரியில்லை, அதனால் படிப்பு பாதிக்கிறது என்று சொன்னாலே அவர் யாரிடம் அனுப்ப வேண்டுமோ அங்கே அனுப்புவார். கேம்பஸ் கவுன்சலிங் சென்டருக்கான பணம் பெரும்பாலும் நீங்கள் கட்டிய மாணவர் கட்டணத்திலேயே அடங்கியிருக்கும். அங்கே பேசுவது டிரான்ஸ்கிரிப்ட்டில் வராது, விசா அலுவலகத்துக்கும் தானாகப் போகாது. மேலே சொன்ன மருத்துவ அனுமதிக்கும் அங்கிருந்தே வழி பிறக்கலாம்.

உயிரை விடலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் 988 என்ற எண்ணுக்கு அழையுங்கள் அல்லது குறுஞ்செய்தி அனுப்புங்கள். 2022 ஜூலையிலிருந்து அமெரிக்கா முழுவதும் எந்நேரமும் இயங்குகிறது. உடன் தங்கியிருப்பவருக்கு அப்படி இருப்பதாகத் தோன்றினாலும் அழைக்கலாம். டிகிரி எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம்.

கவனக்குறைபாடு, வாசிப்புச் சிக்கல், நாள்பட்ட நோய் இருந்தால் மாற்றுத்திறன் சேவை அலுவலகம் தனியாக உண்டு. பரீட்சைக்குக் கூடுதல் நேரம், தனி அறை போன்ற வசதிகள் 1990-இன் மாற்றுத்திறனாளர் சட்டப்படி உங்கள் உரிமை. நம் பிள்ளைகள் இதைச் சலுகை என்று நினைத்துக் கூச்சப்படுகிறார்கள். பதிவு செய்த நாளிலிருந்துதான் பெரும்பாலும் இது பொருந்தும், முடிந்துபோன பரீட்சைக்குப் பின்தேதியிட்டுக் கிடைக்காது.

ப்ரொபேஷனில் இருந்தால் அசிஸ்டண்ட்ஷிப், சி.பி.டி. கிடைக்குமா?

டீச்சிங், ரிசர்ச் அசிஸ்டண்ட்ஷிப்புக்குப் பெரும்பாலும் 3.0 வேண்டும். கட்டணச் சலுகையும் அதோடு போய்விடலாம், அதனால் பணத் திட்டத்தையும் சேர்த்து யோசியுங்கள். சி.பி.டி.க்கு, சில விதிவிலக்குகள் தவிர, ஒரு முழுக் கல்வியாண்டு முடிந்திருக்க வேண்டும் என்பது அரசு விதி. குட் ஸ்டாண்டிங் வேண்டும் என்பதைப் பல துறைகள் தாமாகச் சேர்த்திருக்கும்.

நண்பனோடு சேர்ந்து செய்த ஹோம்வொர்க்குக்குக் காப்பி என்று கடிதம் வந்திருக்கிறது. இது ஜி.பி.ஏ. பிரச்சினையா?

இது வேறு தடம், இன்னும் ஆபத்தானது. ஜி.பி.ஏ. 4.0 இருந்தாலும் நேர்மை விதி மீறலுக்காக இடைநீக்கம் செய்ய முடியும். நம் கல்லூரிகளில் ஒருவர் எழுதிய ரெக்கார்டை இன்னொருவர் பார்த்து எழுதுவது நட்பாகவே பார்க்கப்பட்டது. அங்கே கொடுத்தவர், வாங்கியவர் இருவருக்கும் தண்டனை உண்டு. ப்ரோகிராம்களை ஒப்பிட்டு ஒற்றுமை கண்டுபிடிக்கும் ‘மாஸ்’ என்ற கருவி 1994-லிருந்து புழக்கத்தில் இருக்கிறது. மாறிகளின் பெயரை மாற்றினால் அதை ஏமாற்ற முடியாது. மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் ‘எக்ஸ்எஃப்’ என்றே ஒரு கிரேடு உண்டு: நேர்மைக்கேட்டால் தோற்றவர் என்று டிரான்ஸ்கிரிப்ட்டிலேயே சொல்லும்.

கடிதம் வந்தால் பதில் எழுதுமுன் நடைமுறையைப் படியுங்கள். உங்கள் உரிமைகளைச் சொல்லும் மாணவர் உதவி அலுவலகம் அல்லது ஆம்பட்ஸ்மன் (நடுநிலையான குறைதீர்ப்பவர்) இருக்கிறாரா என்று பாருங்கள். நண்பனோடு சேர்ந்து ஒரு கதை தயாரிக்காதீர்கள். செய்திருந்தால் ஒப்புக்கொள்வதும், செய்யவில்லை என்றால் வரைவுகளையும் தேதிகளையும் காட்டுவதும் மட்டுமே பலன் தரும்.

நீக்கக் கடிதம் வந்துவிட்டது. மேல்முறையீட்டில் என்ன எழுத வேண்டும்?

முதலில் கடைசித் தேதியைப் பாருங்கள். சில இடங்களில் சில நாட்கள்தான் இருக்கும். அன்றைக்கே டி.எஸ்.ஓ.வுக்கும் தகவல் சொல்லுங்கள், ஏனென்றால் பதிவு ரத்தானால் செவிஸ் பதிவும் முடிக்கப்படும். முறையீடு நடந்துகொண்டிருக்கும்போது அவர் என்ன செய்ய முடியும் என்று கேட்க வேண்டும்.

கடிதத்தைப் படிக்கும் குழு இரண்டு கேள்விகளுக்குத்தான் பதில் தேடுகிறது. என்ன நடந்தது? இனி ஏன் அது நடக்காது? முதல் கேள்விக்குப் பல கடிதங்கள் நீளமாகப் பதில் சொல்லும், இரண்டாவதைத் தொடவே தொடாது. அப்பா வாங்கிய கடன், குடும்ப நிலை, சின்ன வயதிலிருந்து கண்ட கனவு எல்லாம் பக்கம் பக்கமாக வரும். குழுவில் இருப்பவர்கள் கல்நெஞ்சர்கள் அல்ல, ஆனால் கடன் இருப்பதால் அடுத்த செமஸ்டரில் ஆல்கரிதம்ஸ் புரிந்துவிடும் என்று அவர்களால் முடிவு செய்ய முடியாது.

ஆகவே இப்படி எழுதுங்கள். நடந்ததைத் தேதியோடு நாலைந்து வரியில் சொல்லுங்கள்: அக்டோபரில் டைஃபாய்டு, மூன்று வாரம் வகுப்பு இல்லை, மருத்துவக் கடிதம் இணைப்பில். உங்கள் பங்குத் தவறு இருந்தால் அதையும் ஒரு வரியில் ஒப்புக்கொள்ளுங்கள்: அப்போதே அட்வைசரிடம் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. பேராசிரியரைக் குறை சொல்லாதீர்கள். பிறகு இப்போது என்ன மாறியிருக்கிறது என்று எழுதுங்கள்: சிகிச்சை முடிந்தது, இரவு வேலையை விட்டாயிற்று. அப்புறம் திட்டம்: எந்தப் பாடங்கள், எத்தனை கிரெடிட், வாரத்தில் எந்த நாள் ட்யூட்டரிங், என்ன கிரேடு வந்தால் எப்போது 3.0 ஆகும் என்ற கணக்கு. இந்தத் திட்டத்தை அட்வைசரோடு உட்கார்ந்து தயாரித்தது என்று சொல்ல முடிந்தால் கடிதத்தின் எடையே கூடிவிடும். ஒன்றரைப் பக்கத்துக்கு மேல் வேண்டாம். வேறு யாரையோ வைத்து எழுதவும் வேண்டாம். நேரில் கூப்பிட்டுக் கேட்டால் அந்த வார்த்தைகள் உங்கள் வாயில் வராது.

“வேறு பல்கலைக்கழகத்துக்கு மாற்றித் தருகிறேன், வந்த நாளிலேயே சி.பி.டி.” என்று ஒரு கன்சல்டண்ட் சொல்கிறார். போகலாமா?

இதில் மிகவும் கவனம் தேவை. செவிஸ் பதிவு உயிரோடு இருக்கும்போது முறையாக மாற்றிக்கொள்வது சட்டப்படி சரியானது. பல நல்ல மாணவர்கள் தங்களுக்குப் பொருந்தும் சிறிய பல்கலைக்கழகத்துக்குப் போய் நன்றாக முடித்திருக்கிறார்கள். அந்த முடிவைத் தற்போதைய டி.எஸ்.ஓ.விடம் பேசி எடுங்கள். கமிஷன் வாங்குபவரிடம் கேட்டு எடுக்காதீர்கள்.

மிச்சிகனில் ‘யுனிவர்சிட்டி ஆஃப் ஃபார்மிங்டன்’ என்று ஒன்று இருந்தது. குடிவரவுத் துறை அதிகாரிகளே ரகசியமாக நடத்திய போலிப் பல்கலைக்கழகம் அது என்பது 2019 ஜனவரியில் வெளியே வந்தது. சுமார் 600 பேர் சேர்ந்திருந்தார்கள், பெரும்பாலோர் இந்தியர்கள். வகுப்பும் இல்லை, ஆசிரியரும் இல்லை. ஆள் சேர்த்துவிட்டவர்கள் சிறைக்குப் போனார்கள், சேர்ந்த மாணவர்களில் பலர் கைதாகி நாட்டை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. வகுப்புக்கே போகத் தேவையில்லை என்று யார் சொன்னாலும் விலகிவிடுங்கள்.

விசா நிலை ஏற்கெனவே போய்விட்டது என்றால் ஐ-539 படிவத்தில் மீண்டும் சேர்க்கக் கோரலாம். பொதுவாக ஐந்து மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அந்தக் கட்டத்தில் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரைப் பார்ப்பது வீண்செலவு அல்ல.

என் மகனின் மதிப்பெண்ணைக் கேட்டால் பல்கலைக்கழகம் தர மறுக்கிறது. கட்டணம் கட்டுவது நாங்கள்தானே?

உங்கள் ஆதங்கம் நியாயமானது. ஆனால் 1974-இல் வந்த ‘ஃபெர்பா’ சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்த மாணவரின் கல்விப் பதிவுகள் அவருடைய உரிமை. அவர் எழுத்துமூலம் ஒப்புதல் தந்தால்தான் அலுவலகம் உங்களிடம் பேசும். உயிராபத்து போன்ற அவசரநிலைக்கும், அமெரிக்க வரிக் கணக்கில் பெற்றோரைச் சார்ந்தவராகக் காட்டப்படும் பிள்ளைகளுக்கும் விலக்கு உண்டு. இரண்டாவது, ஊரில் இருக்கும் பெற்றோருக்குப் பெரும்பாலும் பொருந்தாது.

மகனிடமே கேளுங்கள். “எவ்வளவு வாங்கினாய்?” என்று ஆரம்பித்தால் பொய் சொல்லத்தான் தோன்றும். “எந்தப் பாடம் கஷ்டமாக இருக்கிறது, அட்வைசரைப் பார்த்தாயா?” என்று கேட்டுப் பாருங்கள். கடனை அடிக்கடி நினைவூட்ட வேண்டாம், அவனுக்கு அது எப்போதும் நினைவில்தான் இருக்கிறது. உள்ளூர் சொந்தக்காரர்களிடம் இதைப் பேசாமல் இருப்பதும் அவனுக்குச் செய்யும் பெரிய உதவி.

நான் அமெரிக்கக் குடியுரிமை உள்ளவள். எனக்கு இதில் எது பொருந்தும்?

விசா பகுதியை விட்டுவிடுங்கள். அதற்குப் பதிலாக அரசு நிதியுதவிக்கான முன்னேற்றக் கணக்கு ஒன்று உண்டு. பொதுவாக, எடுத்த கிரெடிட்டில் 67 சதவீதமாவது முடித்திருக்க வேண்டும், டிகிரிக்கான அளவில் 150 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஜி.பி.ஏ. நன்றாக இருந்தும் டபிள்யூக்கள் சேர்ந்து இந்தச் சதவீதம் விழுந்தால் உதவி நிற்கும்.

ஒரு செமஸ்டர் விட்டுவிட்டு ஊருக்குப் போய் உடம்பைத் தேற்றிக்கொண்டு வரலாமா?

வரலாம். ஆனால் சொல்லிக்கொண்டு போக வேண்டும். பல்கலைக்கழகத்தில் விடுப்புக்கு விண்ணப்பித்து, எப்போது எந்த நிபந்தனையில் திரும்பலாம் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். டி.எஸ்.ஓ.வின் அனுமதியோடு வெளியேறினால், நாட்டை விட்டுக் கிளம்ப 15 நாள் கிடைக்கும். சொல்லாமல் பாடங்களை விட்டால் அந்த 15 நாளும் கிடையாது. டிகிரி முடித்தவருக்குக் கிடைக்கும் 60 நாளை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஐந்து மாதத்துக்குள் திரும்பினால் பழைய செவிஸ் பதிவையே மீட்க முடியுமா என்று டி.எஸ்.ஓ.விடம் கேளுங்கள். அதற்கு மேல் ஆனால் பொதுவாகப் புதிய ஐ-20, புதிய செவிஸ் கட்டணம், சி.பி.டி., ஓ.பி.டி.க்கான ஒரு கல்வியாண்டுக் கணக்கும் முதலிலிருந்து. விசா முத்திரைக்கு மறுபடி தூதரகம் போக வேண்டியும் வரலாம். வாடகை ஒப்பந்தத்தை யாருக்காவது மாற்றிவிடுங்கள். நூலகப் பாக்கி, கட்டணப் பாக்கி எதையும் வைத்துவிட்டு வராதீர்கள், சின்னத் தொகை இருந்தாலும் திரும்பிப் பதிவு செய்யும்போது ஹோல்ட் விழும். பல்கலைக்கழக மின்னஞ்சலை வாரம் ஒருமுறையாவது பாருங்கள். திரும்பி வர விண்ணப்பிக்கும் கடைசித் தேதி பற்றிய தகவல் அதில்தான் வரும்.